டாங் மீனுக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

கடல்மீன் டேங்கில் பாசி ஏறிவிட்டது, டாங் ஒன்று விட்டால் தின்று தீர்த்துவிடும் என்றுதான் பெரும்பாலோர் இந்த மீனை வாங்குகிறார்கள். கோளாறுகளில் நிறைய அங்கேயே ஆரம்பிக்கின்றன. டாங் பவளப்பாறையில் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை மேயும் மீன். அதன் குடல் நீளமானது. தின்ற பாசியை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் குடலுக்குள்தான் வாழ்கின்றன. டாங்குக்குச் சர்ஜன் மீன் என்றும் பெயர்; செங்கடலில் பிடித்த ஒரு சர்ஜன் மீனின் குடலில் 1985-ல் கண்ட எபுலோபிசியம் என்ற உயிர் அரை மில்லிமீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அவ்வளவு பெரிதாக இருந்ததால் அது பாக்டீரியாதான் என்று உறுதியாக 1993 வரை ஆனது. இப்படிப்பட்ட குடலை நாலு நாள் காயப்போட்டால் மீன் இளைப்பதோடு நிற்காது. செரிக்கிற சக்தியும் எதிர்ப்பு சக்தியும் சேர்ந்தே போகும்.

கீழே அறிகுறி வாரியாகத் தருகிறோம். எந்த அறிகுறியாக இருந்தாலும் மருந்துப் பாட்டிலைத் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் இதற்குக் கொடுங்கள்:

வெப்பநிலை (25 முதல் 27 டிகிரி), உப்பு (35 பிபிடி, ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது அடர்த்தி 1.026), அம்மோனியா, பிஎச் நான்கையும் அளந்து எழுதுங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் மட்டும் சரிபார்த்துவிட்டு நம்பாதீர்கள். 35 பிபிடி கரைசலில் சரிபாருங்கள். பிறகு மீனை மூன்று வரிசையில் பாருங்கள்: முதலில் மூச்சு, அடுத்து வயிறு, கடைசியாகத் தோல். எல்லோரும் தோலைத்தான் முதலில் பார்ப்பார்கள், ஆனால் மீன் சாவது பெரும்பாலும் செவுளில். செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று மீன் நன்றாக இருக்கும் நாளிலேயே எண்ணி வைத்துக்கொண்டால், கோளாறு வரும் நாளில் ஒப்பிட ஒரு கணக்கு கையில் இருக்கும். அந்தக் கணக்குக்கு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டால் அவசரம் என்று அர்த்தம்.

மூச்சு வாங்குகிறது

எல்லா மீனும் சேர்ந்து வாங்குகிறதா, டாங் மட்டும் வாங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

எல்லாமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அதுவும் விடியற்காலையில் என்றால், ஆக்சிஜன் குறைவு. இரவில் பவளம், பாசி, மீன் எல்லாமே ஆக்சிஜனை எடுக்கும், எதுவும் கொடுக்காது. வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். சென்னை மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) நின்று தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டால் முதலில் தவிப்பது டாங்தான். நாள் முழுக்க நீந்துகிற மீன், அதன் தேவையும் அதிகம். ஒரு வேவ்மேக்கரை (டேங்குக்குள் நீரோட்டம் தரும் மோட்டார்) தண்ணீர் மட்டம் கலங்கும்படி மேல்நோக்கித் திருப்புங்கள், மூடியை எடுங்கள், ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) காற்றை இழுக்கிறதா என்று பாருங்கள். அதன் காற்றுக் குழாயில் உப்பு அடைத்திருப்பது அடிக்கடி நடக்கும். வெந்நீரில் குழாயை ஊறவைத்தால் அடைப்பு கரையும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டரில் சில்லரை மாட்ட முடியாது. ஒரே ஒரு வேவ்மேக்கரை மாட்டி வைத்தால் போதும், இரவு தாண்டிவிடும். சம்ப் (டேங்குக்குக் கீழே உள்ள வடிகட்டித் தொட்டி) மேல் சாதாரண விசிறி வைத்தால் 2 டிகிரி வரை இறங்கும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், ஆவியானதைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் இல்லாமல் அதைச் செய்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கடலோர ஊரின் புழுக்கத்தில் விசிறிக்கு அவ்வளவு பலன் இராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டாங் மட்டும் வாங்குகிறது, வேவ்மேக்கர் ஓட்டத்துக்கு எதிரே முகத்தை நீட்டி நிற்கிறது, வெளிச்சத்துக்கு வராமல் ஒதுங்குகிறது, நேற்று தின்றது இன்று தின்னவில்லை. இது வெல்வெட், அதாவது அமிலோடினியம். உடலில் பொன்தூள் தூவியதுபோலத் தெரியும் என்று படித்துவிட்டு அந்தத் தூளுக்காகக் காத்திருக்காதீர்கள். இந்தக் கிருமி செவுளில்தான் முதலில் உட்காரும். தூள் தெரிகிற நேரத்தில் மீனுக்குப் பெரும்பாலும் ஒரு நாள்கூட மிச்சமிருக்காது. உடனே நன்னீர்க் குளியல் (செய்முறை அடுத்த பத்தியில்), அதிலிருந்து நேராகக் காப்பர் மருந்து கலந்த தனி டேங்க். குளியல் நோயைத் தீர்க்காது. செவுளில் ஏறியிருப்பதில் ஒரு பகுதியை உதிர்த்து மூச்சுக்கு அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மூச்சு விடுகிறது, பாறையில் உடலைத் தேய்க்கிறது, கண் மேல் புகை படிந்தாற்போல் இருக்கிறது என்றால் ஃப்ளூக் என்ற தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். இதற்கும் நன்னீர்க் குளியல்தான் சோதனை. ஆர்ஓ தண்ணீர் 10 லிட்டர். வெப்பநிலை டேங்கோடு அரை டிகிரிகூட மாறக்கூடாது. சமையல் சோடா சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு பிஎச்சை 8.2-க்குக் கொண்டுவாருங்கள். ஏர் ஸ்டோன் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வாளி கறுப்பு நிறமாக இருக்கட்டும். மீனை 5 நிமிடம் விடுங்கள். முதல் நிமிடத்தில் துள்ளும் அல்லது பக்கவாட்டில் படுத்துவிடும், பயப்பட வேண்டாம். மூச்சு நிற்பதுபோல் இருந்தால் மட்டும் உடனே எடுங்கள். மூன்றாவது நிமிடம் வாக்கில் குனிந்து வாளியின் அடியைப் பாருங்கள். மீன் மேல் இருந்தவரை கண்ணாடிபோல் நிறமற்று ஒளிந்திருந்த புழுக்கள் நன்னீர் பட்டதும் பால்வெள்ளையாகி, வெள்ளை எள் சிந்தியதுபோல் கீழே கிடக்கும். ஒன்று கிடந்தாலும் கண்டுபிடித்தாயிற்று. பிராசிகுவான்டல் என்ற புழு மருந்து லிட்டருக்கு 2.5 மில்லிகிராம், குவாரன்டைன் டேங்கில், அதாவது நோயுற்ற மீனைத் தனிமைப்படுத்தும் டேங்கில். புழுவின் முட்டையை மருந்து ஒன்றும் செய்யாது, அதனால் ஒரு வாரத்தில் மறுபடி ஒரு சுற்று. மருந்து போட்ட மறுநாள் தண்ணீரில் பாக்டீரியா பெருகி ஆக்சிஜன் குறையும். ஏர் ஸ்டோனை நிறுத்தாதீர்கள்.

குவாரன்டைன் டேங்கிலேயே மூச்சு வாங்கினால் இரண்டு காரணம்தான் முதலில் பார்க்க வேண்டும்: அம்மோனியா, அல்லது அளவுக்கு மேல் போன காப்பர்.

உடலில் வெள்ளைப் புள்ளி

உப்புக் கல் அளவில், எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் என்றால் இக். கடல்மீன் இக்கின் பெயர் கிரிப்டோகாரியன். இந்தியப் பெருங்கடலுக்கே உரிய பவுடர் ப்ளூ டாங், அடுத்து ப்ளூ ஹெப்படஸ் டாங், இந்த இரண்டுக்கும் இது சட்டென்று ஒட்டும்.

இதில் அதிகம் பேர் ஏமாறுவது ஒரே இடத்தில்தான். புள்ளி வந்தது, பூண்டுச் சாறு கலந்து உணவு கொடுத்தோம், நாலாம் நாள் புள்ளி போய்விட்டது, குணமாகிவிட்டது! குணமாகவில்லை. புள்ளியாகத் தெரியும் ஒட்டுண்ணி மீன் மேல் 3 முதல் 7 நாள்தான் இருக்கும். வயிறு நிறைந்ததும் தானே கழன்று, மணலிலும் பாறையிலும் ஒட்டி உறை கட்டிக்கொள்ளும். அந்த உறைக்குள் நூற்றுக்கணக்கில் பிரிந்து, 3 நாளிலிருந்து சில வாரங்கள் கழித்துக்கூட வெடித்து வெளியே வரும். வெளியே வந்த குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும். பாறையில் தூங்கப்போகும் டாங் இரவில் அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. அதனால்தான் புள்ளி போய்ப் போய் வரும், ஒவ்வொரு முறையும் கூடுதலாக வரும்.

பூண்டு பசியைத் தூண்டலாம், இக்கைக் கொல்லாது. யூவி விளக்கு தண்ணீரில் மிதப்பதைக் குறைக்கும், உறையைத் தொடாது. கிளீனர் இறாலும் இதைத் தீர்க்காது. ரீஃப் டேங்குக்குள்ளேயே ஊற்றலாம், பவளத்துக்கு ஒன்றும் ஆகாது என்று விற்கப்படும் திரவங்களை நம்பி ஒரு வாரம் கடத்துவது, மீனின் உயிரில் ஒரு வாரத்தைக் கடத்துவது. இதில் சமரசத்துக்கு இடமே இல்லை: எல்லா மீனும் வெளியே வரவேண்டும். புள்ளி உள்ளது மட்டுமல்ல, எல்லாமே.

குவாரன்டைன் டேங்க் எளிது. டாங்குக்கு 100 லிட்டராவது. மணல் வேண்டாம், பாறை வேண்டாம், இரண்டும் காப்பரை உறிஞ்சிவிடும். ஒளிந்துகொள்ள பிவிசி முழங்கைக் குழாய்கள், மீன் சுலபமாகத் திரும்பும் அளவுக்கு அகலமானவை. ஹீட்டர், ஏர் ஸ்டோன், ஸ்பான்ஞ் ஃபில்டர். அந்த ஸ்பான்ஞ் ஒன்றை எப்போதும் சம்புக்குள் போட்டு வைத்திருந்தால் பாக்டீரியா ஏறித் தயாராக இருக்கும். ஆனால் டிஸ்ப்ளேயில் (மீன் வழக்கமாக வாழும் முக்கிய டேங்கில்) நோய் வந்தபின் எடுக்கும் ஸ்பான்ஞ் நோயையும் சேர்த்தே கொண்டுவரும். டேங்கை டிஸ்ப்ளேயிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள். வெல்வெட் காற்றில் தெறிக்கும் நுண்துளியிலும் பயணம் செய்யும். வலை, வாளி, கை துடைக்கும் துண்டு எல்லாம் தனி.

காப்பர். இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. கீலேட்டட் (வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த) காப்பருக்கு இலக்கு 2.0 முதல் 2.5 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). அயனிக் காப்பருக்கு 0.5 பிபிஎம். ஒன்றின் இலக்கை மற்றதில் பின்பற்றினால் மீன் சாகும், அல்லது இக் பிழைக்கும். டேங்கில் உண்மையில் எத்தனை லிட்டர் தண்ணீர் என்று அளவுக் குடத்தால் ஊற்றி எண்ணுங்கள். 100 லிட்டர் என்று சொல்லி விற்ற டேங்கில் 85 லிட்டர்தான் நிற்கும். 10 லிட்டருக்கு ஒரு கோடு கண்ணாடியில் போட்டுவிட்டால் தண்ணீர் மாற்றும்போது கணக்கு சுலபம். இக்குக்கு இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றலாம். வெல்வெட் என்றால் 24 மணி நேரத்துக்குள் இலக்கைத் தொட வேண்டும். வண்ணம் ஒப்பிடும் கிட்டில் 2.0-க்கும் 2.5-க்கும் வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. ஹன்னாவின் டிஜிட்டல் காப்பர் செக்கர், அதிக அளவு காட்டும் வகை, இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம். தினமும் அளந்து எழுதுங்கள். இலக்குக்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் நாள் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்.

முழு அளவில் 30 நாள். இன்னொரு வழி, முழு அளவில் 14 நாள் வைத்து, பிறகு துளி ஈரமும் ஒட்டாத புதிய டேங்குக்கு மாற்றுவது. இடமும் பொருளும் இருந்தால் இரண்டாவதே நல்லது. டாங்குக்குக் காப்பரில் பசி குறையும், அந்த நாட்கள் குறைவாக இருப்பதே மேல்.

அம்மோனியா 0.25 பிபிஎம்மைத் தாண்டினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீரில் அதே அளவு காப்பரைக் கலந்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர்களை அயனிக் காப்பரோடு சேர்க்கவே கூடாது. அவை காப்பரை இன்னும் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். ஒரே இரவில் டேங்க் முழுக்கச் சாகும் விபத்துகளில் இது ஒரு காரணம்.

மருந்தே வேண்டாம் என்றால் டேங்க் மாற்றும் முறை உண்டு. இக்குக்கு மட்டும் வேலை செய்யும், வெல்வெட்டுக்குச் செய்யாது. இரண்டு வெற்று டேங்குகள். மீனை முதல் டேங்கில் விட்ட நாள் ஒன்றாம் நாள். 4, 7, 10, 13-ஆம் நாட்களில் காலையில் மற்ற டேங்குக்கு மாற்ற வேண்டும். ஒட்டுண்ணி உதிர்ந்து உறை கட்டி வெடிக்கக் குறைந்தது 3 நாள் வேண்டும். அது வெடிக்கிற நேரத்தில் மீன் அங்கே இல்லை, சூட்சுமம் அவ்வளவுதான். 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலியான டேங்கும் ஏர் ஸ்டோனும் குழாயும் வெயிலில் முழுக்கக் காய வேண்டும். மீனோடு போகும் தண்ணீர் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

இதற்கிடையே டிஸ்ப்ளே டேங்க் மீனே இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும். நீளம்தான். ஆனால் 60 நாளில் பொறுமை இழந்து மீனைத் திரும்ப விட்டால், பட்ட பாடு மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. இந்த நாட்களில் புதிதாக நத்தையோ பவளமோ போடாதீர்கள். அவற்றின் ஓட்டிலும் அடித்தட்டிலும் உறை ஒட்டிக்கொண்டு வரும். போட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து.

கறுப்புப் புள்ளி

மஞ்சள் டாங்கில் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் தெரிந்தால் பாராவோர்டெக்ஸ் என்ற சிறு தட்டைப்புழு. மஞ்சளில் பளிச்சென்று தெரிவதால் அந்த மீனின் நோய்போலத் தோன்றும், மற்ற டாங்குகளுக்கும் வரும். மீனைக் கொல்வது அபூர்வம். மேலே சொன்ன நன்னீர்க் குளியல் ஒருமுறை, பிராசிகுவான்டல் இரண்டு சுற்று. டிஸ்ப்ளேயின் மணலைச் சைஃபன் செய்து அழுக்கைக் குறையுங்கள்.

வயிறு ஒட்டியிருக்கிறது

மீனை எதிரில் நின்று பாருங்கள், பக்கவாட்டில் அல்ல. வயிறு உள்வாங்கியிருந்தால் பட்டினி, அதைத் தேற்றிவிடலாம். கண்ணுக்குப் பின்னாலும் முதுகோரத்திலும் தசை வற்றி, மீன் கத்தி முனைபோல் தெரிந்தால் பல வாரப் பட்டினி. அது திரும்புவது கஷ்டம். கடையில் மீன் தேர்வு செய்யும்போதே இதைப் பாருங்கள், கண் முன்னால் தீனி போடச் சொல்லி, தின்பதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விலை குறைகிறது என்று முதுகு வற்றிய மீனைத் தூக்கி வராதீர்கள்.

தின்னவே இல்லை என்றால்: புதிதாகக் கடலிலிருந்து வந்த மீனுக்குக் கிளிப்பில் தொங்கும் கறுப்புத் தாள் உணவு என்று தெரியாது. அது பாறையைக் கொறித்துப் பழகியது. நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளை உள்ளங்கையளவு பாறைத் துண்டில் ரப்பர் பேண்டால் சுற்றி டேங்கின் அடியில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கொறிக்க ஆரம்பிக்கும். பிறகு பாறையை மெல்ல மேலே கொண்டுவந்து கிளிப்புக்கு மாற்றலாம். நோரி உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேர்க்காத சுஷி நோரியாக இருக்கட்டும்.

நம் கடற்கரையில் இதைவிட நல்ல தீனி உண்டு. ராமநாதபுரம் கரையில் பெண்கள் எடுக்கும் கஞ்சிப்பாசி, அதாவது கிராசிலேரியா, டாங்குகள் விழுந்து தின்னும் சிவப்புப் பாசி. நோரியைத் திரும்பிப் பாராத மீன்கூட இதற்கு வாய் வைக்கும். வெயிலில் வெளுத்தது வேண்டாம், நிறம் மங்காததாக, முடிந்தால் பச்சையாக வாங்குங்கள். நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி, சிறு கட்டுகளாக ஃப்ரீசரில் வையுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே இறங்கி நாமே பறிப்பது சட்டப்படி குற்றம். விற்கிறவர்களிடம் வாங்குவதுதான் வழி.

கோலே, டோமினி போன்ற டெனோகீட்டஸ் வகைக்கு இந்தத் தாள் வைத்தியம் பலிக்காது. அவற்றின் பல் சீப்புபோல், வாய் உறிஞ்சும் பாங்கு. அவை கிழித்துத் தின்பதில்லை, பாறை மேல் படியும் மெல்லிய படலத்தைச் சீவித் தின்கின்றன. நோரித் தூளையும் ஸ்பைருலினாவையும் ஜெலட்டினில் குழைத்து ஒரு தட்டைக் கல்லில் மெல்லப் பூசி, குளிரில் இறுக வைத்து டேங்கில் இறக்குங்கள். கண்ணாடியின் பின்பக்கத்தைச் சுரண்டாமல் விட்டுவையுங்கள், அதுதான் இவற்றின் வயல்.

தின்கிறது, ஆனாலும் இளைக்கிறது என்றால் மூன்று காரணம். ஒன்று, போதவில்லை. 10 சென்டிமீட்டர் மஞ்சள் டாங்குக்கு நோரியின் முழுத் தாளில் கால்பங்கு ஒரு நாளுக்கு ஆரம்ப அளவு. காலை ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு என்று பிரித்துக் கொடுங்கள், மாலைக்கும் கொஞ்சம் ஸ்பைருலினா பெல்லட். ஒரே வேளையில் கொட்டினால் பாதி மிதந்து ஸ்கிம்மருக்குப் போகும். இரண்டு, தின்பது தவறான உணவு. உறைந்த இறாலும் மைசிஸ் என்ற சிற்றிறாலும் மட்டுமே தினமும் போட்டால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. மூன்று, குடலில் ஒட்டுண்ணி. கழிவு வெள்ளை நூல்போல் தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் வெள்ளையாகப் போவதை வைத்து முடிவு கட்டாதீர்கள், பட்டினி கிடந்த மீனுக்கும் அப்படித்தான் போகும். நன்றாகத் தின்றும் ஒரு வாரமாக அப்படியே என்றால் மெட்ரோனிடசோல் உணவில் கலந்து கொடுக்கும் அளவை மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒன்றையொன்று வெட்டுகிறது

வால் அடியில் இருபுறமும் கத்தி இருப்பதால்தான் இதற்குச் சர்ஜன் என்று பெயர். சண்டைக்குப் போகும் மீன் முதலில் துடுப்புகளை விறைத்து நிறத்தை அடர்த்தியாக்கும், பிறகு பக்கவாட்டில் திரும்பி வாலை வீசும். அடிபட்ட மீனின் விலாவில் மெல்லிய வெள்ளைக் கீறல்கள் இணையாக ஓடும். அப்படிப் பார்த்த அன்றே பிரித்துவிட வேண்டும். சமாதானம் ஆகிவிடும் என்று விட்டால், ஆகிறபோது ஒரு மீன்தான் இருக்கும்.

பெரும்பாலும் சண்டை வருவது ஒரே உருவம் உள்ளவற்றுக்குள்: மஞ்சளும் பர்பிளும், பவுடர் ப்ளூவும் அக்கிலீஸும். 4 அடி டேங்க் என்றால் ஒரே ஒரு டாங், ஜெப்ராசோமா (மஞ்சள், பர்பிள் டாங்குகளின் இனம்) அல்லது டெனோகீட்டஸ். பவுடர் ப்ளூவும் அக்கிலீஸும் சேர்ந்த அகான்துரஸ் இனத்துக்கும் ஹெப்படஸுக்கும் 6 அடி. நேசோ இன டாங்குக்கு 8 அடி இல்லாமல் யோசிக்க வேண்டாம். பல டாங்குகள் வேண்டுமென்றால் சாதுவானதை முதலில், பவுடர் ப்ளூவைக் கடைசியில். முதலில் வந்தது டேங்கையே தன் சொத்து என்று நினைத்துக்கொள்ளும்.

புது மீனை விடும் முறை: ஓட்டைகள் போட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்து டேங்குக்குள்ளேயே 4 முதல் 7 நாள். பழைய மீன் பெட்டியை மோதும், வால் வீசும், மெல்லச் சலித்துப் போகும். நோரியை பெட்டியின் சுவரிலேயே ஒட்டினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தின்னப் பழகும். திறந்துவிடும் நாளில் டேங்கின் வெளிப்பக்கக் கண்ணாடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். பழைய மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதுமீன் பாறையில் ஓர் இடம் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். புது மீன் மூலையில் ஒடுங்கி, தின்ன வராமல், துடுப்பு கிழிந்து நின்றால் பெட்டிக்கே திருப்புங்கள்.

பிடிக்கும்போது வலை வேண்டாம், பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டிப் பிடியுங்கள். கத்தி வலையில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். தண்ணீருக்குள்ளேயே வைத்து அந்த நூலைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். நம் கையில் வெட்டினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சிவந்து வீங்கினாலோ வாரக்கணக்கில் ஆறாமல் முடிச்சாக நின்றாலோ, கடல்மீன் டேங்கில் பட்ட காயம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். மீன் தொட்டியிலிருந்து வரும் மைக்கோபாக்டீரியத்துக்கு வைத்தியம் வேறு.

முகத்திலும் விலாக்கோட்டிலும் குழிகள்

கண்ணைச் சுற்றி ஊசி குத்தியதுபோல் ஆரம்பித்து, விலாவின் பக்கக்கோட்டில் நிறம் அழிந்து குழியாகப் பரவும். ஒட்டுண்ணி இல்லை, மருந்தும் இல்லை. சத்துக் குறைவைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஆனால் ஓஷன் சர்ஜன் மீன்களை வைத்துச் செய்து 2011-ல் வெளியான ஆய்வில், லிக்னைட் வகை ஆக்டிவேட்டட் கார்பன் ஓடிய தண்ணீரில் இருந்தவற்றுக்கு இது வந்தது தெளிவாகத் தெரிந்தது. அதனால் முதல் வேலை கார்பனை எடுப்பது. தேவைப்பட்டால் உதிராத கெட்டி உருளைக் கார்பனை, கறுப்பு நீர் வருவது முழுக்க நிற்கும்வரை ஆர்ஓ தண்ணீரில் அலசி, பையில் போட்டு, குமிழ்ந்து உருளாத இடத்தில் வையுங்கள். ரியாக்டரில் சுழலவிட்டால் துகள் துகளாகத் தேய்ந்து டேங்குக்கே வரும். கூடவே நோரியில் மீன் வைட்டமின் சொட்டி 10 நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். குணமாக மாதங்கள் ஆகும். ஆழமான குழி வடுவாக நின்றுவிடும்.

இரவில் வெளுத்துவிட்டது, பாறையில் செருகிக் கிடக்கிறது

ஒன்றும் செய்யாதீர்கள். மஞ்சள் டாங் இரவில் மங்கி விலாவில் வெள்ளைப் பட்டை போட்டுக்கொள்ளும். விளக்கு வந்து அரை மணியில் மஞ்சள் திரும்பும். ஹெப்படஸ் பாறை இடுக்கில் பக்கவாட்டில் செருகிப் படுக்கும், பார்த்தால் செத்ததுபோலவே இருக்கும். செவுள் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள். டார்ச் அடித்துக் கிளப்பினால் பாறையில் மோதிக்கொள்ளும்.

பாசியைத் தின்னவில்லை, பவளத்தைக் கொறிக்கிறது

டாங் இருந்தும் பாசி வளர்கிறது என்றால் எந்தப் பாசி என்று பாருங்கள். ஜெப்ராசோமா குட்டையான பச்சைப் பாசியை மேயும். விரல் நீளம் வளர்ந்த முடிப்பாசியை அது தொடுவதில்லை, நாம் கையால் பிடுங்கிக் குட்டையாக்கிக் கொடுத்தால் அதற்குப் பிறகு வளரவிடாது. டெஸ்ஜார்டினி டாங் சில சமயம் குமிழ்ப்பாசியை உடைத்துத் தின்னும். டெனோகீட்டஸிடம் முடிப்பாசியை ஒப்படைத்தால் பட்டினிதான் கிடக்கும். பிரையாப்சிஸ் என்ற பாசிக்கு டாங்கை நம்ப வேண்டாம். மீனவர்கள் ஓரா என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்த ஃபாக்ஸ்ஃபேஸ் கொஞ்சம் கைகொடுக்கும், அதன் முதுகு முள்ளில் விஷம் உண்டு, கையை ஜாக்கிரதையாக விடுங்கள். நைட்ரேட் 10 பிபிஎம்முக்கு மேலும் பாஸ்பேட் 0.1 பிபிஎம்முக்கு மேலும் நின்றால் எந்த மீனும் வளர்ச்சியை முந்தாது.

பவளத்தைக் கொறிப்பது பெரும்பாலும் பசி. ஒரு வாரம் நோரியை இரண்டு மடங்காக்கிப் பாருங்கள், நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கொறிக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். சோவாந்தஸ் என்ற பவளக் காலனியின் இடுக்கில் பாசி முளைத்திருந்தால் மீன் பிடுங்குவது அதைத்தான், பவளத்தின் வாய் கூடவே கிழிபடுகிறது. அந்தக் கல்லை வெளியே எடுத்து, பல் பிரஷ்ஷால் இடுக்கைத் துடைத்து, டேங்க் தண்ணீரில் அலசி வையுங்கள். அதற்கும் மேல் சதைப்பற்றான பெரிய பவளத்தையே தேடிப் போய்க் கடிக்கும் மீன் பழக்கப்பட்டுவிட்டது. அதை வேறு டேங்குக்கு மாற்றுங்கள்.